இடது முன்சக்கரத்துச் சத்தம்

'கடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குத்தான் இனிகோ நான்கு மாதமாகச் சோறு தண்ணீர் இறங்காமல் அலைந்துகொண்டிருந்தான்.

பிக்கப்புக்குப் பதினான்கு வயசு. பதினான்கு வருஷமாக மீனும் ஐஸும் சுமந்த வண்டியில் சத்தம் வராமல் சங்கீதமா வரும் என்று தெருவில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். கதவு ஒரு பக்கம் கத்தும், பின்தட்டி ஒரு பக்கம் ஆடும், டேஷ்போர்டுக்குள்ளே ஏதோ ஒரு போல்ட்டு உருண்டுகொண்டே கிடக்கும். அதையெல்லாம் இனிகோ சட்டை செய்யமாட்டான். இது வேறு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்துக்கு மேலே 'கடக்'. லோடோடு வளைவில் திரும்பினால் 'கடக் கடக்'. பிரேக்கை மிதித்தால் ஒன்று, விட்டால் ஒன்று. ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து நேரே நெஞ்சுக்குப் போய்விடும்.

காரணம் இல்லாமல் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவன் ஷார்ஜாவுக்குப் போகிறான். இழுவைக் கப்பலில் இன்ஜின் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அவன் போனபிறகு இந்த வண்டியைத் தனியாக ஓட்டப்போவது அவன் மகள் ஸ்டெபி. இருபத்துமூன்று வயசு. பி.காம். முடித்து, லைசென்ஸும் எடுத்து, காயல்பட்டினத்து ஓட்டல்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் வாட்ஸ்அப்பில் பிடித்து வைத்திருக்கிறாள். திரேஸ்புரத்தில் காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாக அப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள்தான் பாதி நாள் ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள். ஆனால் வழியில் முக்காணிப் பாலம் இருக்கிறது, கீழே தாமிரபரணி ஓடுகிறது. தினம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பாலத்து நடுவில் இடது சக்கரம் கழன்று தனியாக ஓடுவதை இனிகோ கண்ணை மூடினால் பார்த்தான். சில நேரம் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தான்.

ஆகவே வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டான். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா வண்டிய வித்துப்போட்டுத்தான் பிளைட் ஏறுவேன்."

சும்மா மிரட்டல் இல்லை. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி மாசானம் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது.

"அப்ப மாசானம் மட்டும் பாலத்துலேருந்து விழலாமாக்கும்?" என்று கேட்டாள் அவன் மனைவி அந்தோணியம்மாள். "சத்தம் வண்டியில இல்லங்க. ஒங்க மண்டைக்குள்ள இருக்கு. அங்கன ஒரு மெக்கானிக்க விட்டுப் பாருங்க."

ஸ்டெபி சண்டை போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆர்டர் எழுதும் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மெக்கானிக்கைப் பார்க்காமலா இருந்தான்? முத்தையாபுரத்தில் சுடலைக்கண்ணன் பட்டறைக்கு மூன்று தடவை கொண்டுபோய்விட்டான். முதல் தடவை லிங்க் ராடு மாற்றியாயிற்று. இரண்டாம் தடவை, சக்கரம் கழலாமல் பிடிக்கிற பால் ஜாயிண்ட். மூன்றாம் தடவை லோயர் ஆர்ம் புஷ் நாலும் புதுசு. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புக் கை. அது சட்டத்தில் சேருகிற இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம், அதுதான் புஷ். ஒவ்வொரு தடவையும் பட்டறையைவிட்டு வெளியே வரும்போது வண்டி பால் குடித்த பிள்ளை மாதிரி வாயைத் திறக்காது. மூன்று வாரம். பிறகு பழையபடி 'கடக்'.

சுடலைக்கண்ணனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மீன் வண்டியை வாட்டர் சர்வீஸ் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார். "இந்த நாத்தத்த உள்ள விட்டேன்னா அப்புறம் ஒருத்தன் இங்கன காரு கொண்டாந்து விடமாட்டான்" என்பார். இனிகோவும் ஒவ்வொரு முறையும் மெயின் ரோட்டில் வண்டியை அடிமுதல் தலைவரை சோப்பு நுரை போட்டு அடித்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் நிறுத்துவான். லோடு இல்லாத, கழுவிய, வாசமில்லாத வண்டி. அதை அவர் ஜாக்கியில் தூக்கி, தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றித் தருவார்.

நாலாம் தடவையும் சத்தம் வந்ததும் இனிகோவுக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனை எடுத்து வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டான்.

"டூப்ளிகேட் சாமானப் போட்டு என்னைய ஏமாத்திட்டீரு அண்ணாச்சி. எம்மவ ஓட்டப்போற வண்டின்னு தெரிஞ்சே செஞ்சிருக்கீரு. நல்லா இருப்பீரா நீரு?"

"முப்பது வருஷமா இந்தக் கையி ஒரு டூப்ளிகேட் சாமான மாட்டினதில்ல. இனிமே ஒம்ம வண்டி என் பட்டறை வாசல மிதிக்கக்கூடாது வே" என்று சொல்லிவிட்டுச் சுடலைக்கண்ணன் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. ஊளி, பாறை, விளமீன் எல்லாமாகப் பதினாறு பெட்டி, மேலே உடைத்த ஐஸ். ஸ்டெபிதான் ஓட்டினாள். இனிகோ பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். எதிரே வந்த லாரிக்காரன் ஒருவன் என்னவோ திட்டிவிட்டுப் போனான், அதுகூட இவன் காதில் ஏறவில்லை.

"யப்பா, தலைய உள்ள இழுங்க. சக்கரத்துக்கு முன்னால ஒங்க தல கழண்டுரும்."

"நீ ரோட்டப் பாருளா."

முத்தையாபுரம் தாண்டும் முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம். ஸ்டெபி ஒடித்துத்தான் பார்த்தாள், இடது சக்கரம் இறங்கிவிட்டது. 'கடக்' இல்லை இந்தத் தடவை. 'டமார்' என்று ஓர் அடி. ஸ்டியரிங் அவள் கையில் ஒரு உதறு உதறி நின்றது.

"நிப்பாட்டு! நிப்பாட்டுளா!"

"யப்பா, காஜா காக்கா எட்டு மணிக்குள்ள மீன் வேணும்ட்டிருக்காவ. அவுக ஓட்டல்ல—"

"ஓட்டலாவது ஒண்ணாவது. நிப்பாட்டு!"

ஓரமாக நிறுத்தினாள். அவள் உதடு நடுங்கியதை இனிகோ பார்த்தான். அவன் பயந்ததெல்லாம் நடக்கத் தயாராகிவிட்டதென்றே நினைத்தான். இருநூறு அடியில் சுடலைக்கண்ணன் பட்டறை தெரிந்தது. வேறு யாரையும் தேடிப் போக நேரமுமில்லை, மாசானம் நாளைக் காலையில் வந்துவிடுவான். மானத்தைப் பார்த்தால் ஆகுமா? வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போய் அந்த வாசலிலேயே நிறுத்தினார்கள்.

சுடலைக்கண்ணன் டீ கிளாஸோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், இனிகோவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வாசல மிதிக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு. அதுவும் கழுவாமக் கொள்ளாம, லோடோட."

இனிகோ வாயைத் திறக்கும் முன்னால் ஸ்டெபி இறங்கிவிட்டாள். "அண்ணாச்சி, அப்பா பேசினது தப்பு. அத அவுகளே ஒங்ககிட்ட சொல்லுவாக. கழுவ நேரம் இல்ல. நாளைக்கு இத விக்கப் போறாவ. இன்னைக்கு நீங்க கண்டுபிடிக்கலன்னா எம் பொழப்பு போச்சு. நான் வேற எங்க போவேன்?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. நாலு மாதமாக இதைப் பற்றி வாயைத் திறக்காத பெண். இனிகோவுக்குச் சுருக்கென்றது.

சுடலைக்கண்ணன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். பிறகு ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார். "பெட்டிய இறக்க வேண்டாம். லோடோட இந்த வண்டிய நான் பாத்ததே இல்லல்லா. இறங்காம நிக்கட்டும், சக்கரம் தரையிலயே இருக்கட்டும். ஏம்மா, நீ ஸ்டியரிங்க இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடி. வே, நீரு முன்னால நின்னு பானட்ட அமுக்கி அமுக்கி விடும்."

அவர் கடப்பாரையோடு அடியில் புகுந்தார். இனிகோ அமுக்கினான். ஸ்டெபி ஒடித்தாள். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. பால் ஜாயிண்டைக் கையால் பிடித்துப் பார்த்தாராம், கெட்டியாக இருக்கிறது. லிங்க் ராடு கெட்டி. ஷாக் அப்சார்பர் கெட்டி. ஒவ்வொரு 'கெட்டி'க்கும் இனிகோ இன்னும் ஓங்கி அமுக்கினான். எல்லாமே கெட்டி என்றால் அந்தோணியம்மாள் சொன்ன மாதிரி மண்டைக்குள்தான் சத்தமோ? இதற்குள் ஸ்டெபியின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. காஜாதான்.

"ஏலே!" என்றார் சுடலைக்கண்ணன் அடியிலிருந்து.

இனிகோ அமுக்குவதை நிறுத்தினான்.

"மூணு வாரத்துக்கு முந்தி நான் போட்ட புஷ்ஷு இது. பெருவிரல வச்சு அமுக்குனா களியில போற மாதிரி உள்ள போவுது. உப்பிப்போயிக் கெடக்கு." கடப்பாரையை எங்கேயோ கொடுத்து நெம்பினார். 'கடக்' என்றது. "இந்தா, ஒம்ம சத்தம். ஆர்ம் உள்ளுக்குள்ள ஆடி இரும்புல போய் இடிக்கி. வலப்பக்கமும் இதே கததான், ரோட்டோரத்துப் பள்ளமெல்லாம் இடது சக்கரம் வாங்குறதுனால அங்கன சீக்கிரம் வந்திருக்கு."

இனிகோவுக்கு நான்கு மாதம் கழித்து முதன்முறையாக மூச்சு முழுசாக வந்தது. சத்தம் இருக்கிறது! அவனுக்குப் பைத்தியம் இல்லை! அடுத்த கணமே பழைய சூடு ஏறிவிட்டது. "அப்ப மூணு வாரத்துல ரப்பரு களியாப் போவுதுன்னா அது என்ன ரப்பரு? நான் சொன்னது சரிதானே?"

சுடலைக்கண்ணன் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்து சாக்கின்மேல் உட்கார்ந்தார். விரலில் எண்ணெய் பளபளத்தது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். இன்ஜின் ஆயில் நிறமில்லை, பிரேக் ஆயில் மாதிரியும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது.

"மீன் வாடை."

"மீன் வண்டியில மல்லிப்பூவா மணக்கும்?" என்றான் இனிகோ.

"பின்னால மணக்கட்டும் வே. மீனும் பின்னாலதான இருக்கு, ஐஸ் தண்ணியும் பின்னாலதான சொட்டுது. முன்சக்கரத்து ஆர்ம்ல, அதுவும் சந்து பொந்தெல்லாம், மீன் எப்பிடி வரும்?"

வாசலில் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று. ஸ்டெபி அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இனிகோவுக்குத்தான் இன்னும் புரியவில்லை. அதனால்தான் பெருமையாகவே சொன்னான்.

"அது மீன் இல்ல அண்ணாச்சி. சாளை மீன் எண்ணெய். நான் போடுறது. ஞாயித்துக்கிழம தவறாது. கடக்கரையில உப்புக் காத்து இரும்ப அரிச்சுத் தின்னுருமுல்லா? வள்ளத்துக்கு அடியில தடவுறோம், பலகைக்கு ஒண்ணும் ஆவுறதில்ல. ஞாயித்துக்கிழம தொழிலுக்குப் போறதில்ல, பூசை முடிஞ்சு வந்து அடியில படுத்து முன்னாலயும் பின்னாலயும் துணியில முக்கி முக்கித் தடவிருவேன். சத்தம் வர ஆரம்பிச்சப்புறம் ரெண்டு மடங்கு போடுதேன். போட்டா ரெண்டு நாளைக்கு அந்தக் 'கிரீச்'செல்லாம் அடங்கிரும், தெரியுமா?"

சுடலைக்கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்? என்ன?" என்றான் இனிகோ.

"பலகைக்கு நல்லது வே. இரும்புக்கும் நல்லதுதான். ரப்பருக்கு எமன். ஊறிப் பொதபொதன்னு ஆயிரும். நான் மாட்ட மாட்ட நீரு ஊற வச்சிருக்கீரு." அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் பாதி தன்மேலேயே வந்தது. "நானும் கழுவிட்டுக் கொண்டா கழுவிட்டுக் கொண்டான்னு சொல்லி, இருந்த எண்ணெயெல்லாம் சோப்புத் தண்ணியில போக்கிட்டுல்லா பாத்திருக்கேன். எனக்கு எங்கன தெரியும்? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா வே?"

எப்படிச் சொல்லுவான்? குளிக்கிறதை எவனாவது டாக்டரிடம் சொல்லுவானா? அவனுக்கு அது வைத்தியமே இல்லை, வழக்கம். இனிகோ வண்டியின் முன்சக்கரத்தருகே அப்படியே குந்திவிட்டான். மகளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று எந்தக் கையால் வாரா வாரம் தடவினானோ, அந்தக் கைதான் அவளை முக்காணிப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தான்.

"அண்ணாச்சி, நேத்து நான் பேசினது..."

"விடும் வே."

"இல்ல. டூப்ளிகேட்டுன்னு சொன்னேன். வாய் கூசாமச் சொன்னேன். மன்னிச்சிருங்க."

சுடலைக்கண்ணனுக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் தாங்காது. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே ஸ்டெபியிடம் திரும்பினார். "பால் ஜாயிண்ட் கெட்டியா இருக்கு. சக்கரம் கழண்டு போவாது. இன்னைக்கு முப்பதுக்கு மேல போவாம லோட எறக்கிட்டு வா. மத்தியானம் நாலு புஷ்ஷும் புதுசாப் போட்டுத் தாரேன். அதுக்கு மேல இந்த வண்டிக்கு ஒரு வைத்தியமும் வேண்டாம்மா." பிறகு சிரித்துக்கொண்டே, மனசில் ஒன்றும் வைக்காமல்தான் சொன்னார். "ஒங்கப்பா கப்பலுக்குப் போனாலே போதும், வண்டி நல்லா இருக்கும்."

ஸ்டெபியும் சிரித்துவிட்டாள். இனிகோவும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு மத்தியானமே புஷ் நாலும் மாறிவிட்டது. சாயங்காலம் கதையைக் கேட்ட அந்தோணியம்மாள் சிரித்துச் சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "ஆசையில செஞ்சதுதானங்க" என்றாள். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் இனிகோ மாசானத்துக்குப் போன் போட்டு, வண்டி விற்கவில்லை, வர வேண்டாம் என்று சொன்னான். அதன்பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை போவேனா என்றது. கை என்னவோ செய்யச் சொன்னது. வாசலுக்குப் போவான், வண்டியைப் பார்ப்பான், திரும்பி வருவான். பெட்டி கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். ஐந்தாறு தடவை ஸ்டெபியைக் கூப்பிட்டு, ஜாக்கி எங்கே இருக்கிறது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, மழையில் பாலத்தில் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்று சொன்னான். ஆறு மாதமாகச் சொன்னதுதான். அவளும் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்துக்குக் கார் வரும். காலையில் கடைசியாக ஒரு நடை மகளோடு காயல்பட்டினம் போய்விட்டு வருவதாகத்தான் இருந்தான். திரேஸ்புரத்தில் பெட்டிகளை ஏற்றினார்கள். நல்ல மீன்பாடு, இருபது பெட்டி. வண்டி முன்னும் பின்னும் நன்றாகத் தாழ்ந்து நின்றது. ஸ்டெபி ஏறி இன்ஜினைப் போட்டாள். இடது பக்கக் கதவில் அவன் கை வைத்தான். திறக்கவில்லை.

"ஏறுங்கப்பா."

"வேண்டாம்ளா. நீ போயிட்டு வா."

"என்னப்பா, கடைசி நாளு..."

"துணிமணி கொஞ்சம் எடுத்து வைக்கணும். நீ போ. ஐஸ் கரையுது பாரு."

பொய். பெட்டி கட்டி இரண்டு நாளாகிறது, அது அவளுக்கும் தெரியும். அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டாள். தெருமுனை வேகத்தடையில் முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. இனிகோ நின்ற இடத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கதவு கத்தியது, பின்தட்டி ஆடியது, வேறு ஒன்றும் இல்லை. அவள் முனை திரும்பிய பிறகும் அங்கேயே நின்றான். பிறகு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த ஒரு மணி நேரம் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். இப்போது முத்தையாபுரம் தாண்டியிருப்பாள். இப்போது பழையகாயல். இப்போது பாலம். போனை எடுத்தான், வைத்தான். ஓட்டுகிறவளுக்குப் போன் போடக்கூடாது. மனசுக்குள் நிமிஷம் நிமிஷமாக எண்ணினான். அந்தோணியம்மாள் இட்லி வைத்தாள், தொடவில்லை.

போன் அடித்தது. ஸ்டெபிதான்.

"யப்பா, வந்து சேந்துட்டேன். காஜா காக்கா மீன எறக்கிட்டு இருக்காவ."

அவன் நாக்கு நுனிவரை வந்தது. பாலத்து நடுவிலே ஏதாவது? வளைவிலே? பிரேக் போடும்போது? நாலு மாதமாக அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. அதை அப்படியே விழுங்கினான்.

"சாப்பிட்டியாளா?" என்றான்.

அந்தப் பக்கம் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது, யாரோ ஐஸ் கேட்டுக் கத்துவது கேட்டது. ஸ்டெபி மூக்கை உறிஞ்சினாள்.

"சத்தத்தப் பத்தி ஒண்ணும் கேக்கல. அப்ப நெசமாவே போறியளாப்பா?" என்றாள்.